எண்ணெய் ஊற்றும் குழாய் துருப்பிடித்தால் ஒட்டாதீர்கள், மாற்றுங்கள்

டேங்க் நிறைய எண்ணெய் போட்ட அன்றைக்கு மட்டும் காரில் பெட்ரோல் வாடை அடிக்கிறது, பாதி டேங்கில் அடிப்பதில்லை என்றால், முதலில் பார்க்க வேண்டியது மூடியிலிருந்து டேங்குக்கு இறங்கும் குழாய். ஃபில்லர் பைப் என்போம். ஜெலுத்தோங்கில் எங்கள் பட்டறைக்கு வரும் பழைய புரோட்டான் சாகா, வீரா கார்களில் இது அடிக்கடி பார்க்கும் கோளாறு. பினாங்குக் கடல்காற்று ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் தடுப்பு. டயர் வாரியடிக்கும் சேறு அதன் பின்னால் போய் அடைந்து, மழைக்காலம் முழுக்க ஈரத்தோடு குழாயை ஒட்டிக்கொண்டே இருக்கும். 2017 நவம்பர் வெள்ளத்தில் மாட்டிய கார்களில் அந்த இடத்தைக் கழற்றினால், கைகொள்ளாத அளவுக்கு மண் கொட்டும்.

“அண்ணே, ஈபாக்ஸி வச்சு அடைச்சுக் குடுத்துடுங்களேன்” என்று கேட்பவர்கள் உண்டு. நான் செய்வதில்லை. கண்ணுக்குத் தெரியும் ஓட்டை குண்டூசித் தலை அளவுதான். அதைச் சுற்றி ஸ்க்ரூ டிரைவர் முனையால் லேசாக அழுத்திப் பாருங்கள், தகடு உள்ளே போகும். மேலே பசை பூசினால் உள்பக்கத் துரு நிற்கவா போகிறது? அது உதிர்ந்து டேங்கில் விழுந்து பம்ப் வடிகட்டியை அடைக்கும். காரிலேயே வைத்து வெல்டிங் வைப்பது அதைவிட மோசம். எரிவது பெட்ரோலின் ஆவி. காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு ஆவி கலந்தாலே பற்றிக்கொள்ளும். அதனால் காலி டேங்க்தானே என்று யாரும் துணியக் கூடாது.

இந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகப் பரவும். அடுக்குமாடியின் கீழ்த்தளக் கார் நிறுத்துமிடத்தில் இந்த வேலையே வேண்டாம். திறந்த வெளி, சமதரை, ஆறிய எஞ்சின், கால் டேங்குக்கும் குறைவான எண்ணெய். மூடியை மெதுவாகத் திறந்து அழுத்தத்தை விடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். தூள் தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கிரைண்டர், டிரில், குண்டு பல்ப் எதுவும் கிட்டே வரக் கூடாது. எல்இடி டார்ச் போதும்.

காரைத் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தையும் பிளாஸ்டிக் தடுப்பையும் கழற்றுங்கள். மண்ணை முழுக்கக் கழுவித் துடைத்த பிறகுதான் குழாயில் கை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அது டேங்குக்குள் போகும். மூடிப் பக்கம் ஸ்க்ரூக்கள், நடுவில் பாடியோடு பிடிக்கும் ஒரு போல்ட், கீழே டேங்க் வாயில் ரப்பர் ஹோஸ், பக்கத்திலேயே காற்று வெளியேறும் மெல்லிய குழாயும் அதன் ஹோஸும். துருப்பிடித்த போல்ட்டுக்குத் துரு இளக்கும் எண்ணெய் அடித்து, தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். ஹோஸ் வரவில்லை என்றால் நெம்ப வேண்டாம், டேங்க் வாய் நெளிந்துவிடும். பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்து எடுங்கள். குழாய் வெளியே வந்ததும் டேங்க் வாயைப் பிளாஸ்டிக் பையால் மூடி ரப்பர் பேண்ட் போடுங்கள்.

புதுக் குழாய் கிடைத்தால் அதுவே நல்லது. பழைய மாடல்களுக்கு, பழைய கார்களை வெட்டிப் பாகங்களாக விற்கும் ஹாஃப் கட் கடைதான் கதி. அங்கே பளபளப்பைப் பார்த்துக் காசை நீட்டாதீர்கள். வளைவின் கீழ்ப்பக்கத்தையும், பிடிப்புத் தகடு ஒட்டியிருக்கும் இடத்தையும் விரலால் தடவுங்கள். பெயின்ட் கொப்பளித்திருந்தால் அடியில் துரு. வீட்டுக்கு வந்ததும் ஒரு முனையை அடைத்துத் தண்ணீர் ஊற்றி, வெளியே டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பாருங்கள். கசியவில்லை என்றால் வெயிலில் நன்றாகக் காய வையுங்கள். சொட்டுத் தண்ணீர்கூட டேங்குக்குள் போகக் கூடாது. பிறகு வெளிப்பக்கம் ஜிங்க் பிரைமர், அதற்கு மேல் சேசிஸ் பெயின்ட்.

இரண்டு ஹோஸ்களையும் கிளிப்புகளையும் புதிதாகவே போடுங்கள். ரேடியேட்டர் ஹோஸ் அளவு சரியாக இருக்கிறதே என்று மாட்டினால், பெட்ரோல் பட்டு அது உப்பி இளகிவிடும். எஸ்ஏஇ ஜே30 ஆர்6 என்று அச்சிட்ட ஹோஸ் இந்த வேலைக்கென்றே வருவது. சிலிகான் பசையும் பெட்ரோலுக்குத் தாங்காது, தடவ வேண்டாம். குழாய் முனையில் ஒரு மேடு சுற்றியிருக்கும். ஹோஸ் அதைத் தாண்டி இரண்டு மூன்று சென்டிமீட்டர் உள்ளே போக வேண்டும், கிளிப் அந்த மேட்டுக்குப் பின்னால் உட்கார வேண்டும். மேட்டின் மேலேயே இறுக்கினால் நாளடைவில் நழுவும். எல்லாவற்றையும் தளர்வாக மாட்டி, பாடி போல்ட்டையும் ஸ்க்ரூக்களையும் முதலில் இறுக்கி, கிளிப்புகளைக் கடைசியில் இறுக்குங்கள். அப்போதுதான் ஹோஸ் முறுக்கிக்கொள்ளாது.

இன்னொன்று, நிறையப் பேர் விட்டுவிடுவது. பல கார்களில் மூடிக்குக் கீழே ஒரு சின்ன எர்த் வயரோ தகட்டுப் பட்டையோ குழாயைப் பாடியோடு இணைக்கும். ரப்பர் ஹோஸ் வழியாக மின்சாரம் போகாது. அந்த வயர் இல்லாவிட்டால், எண்ணெய் பாயும்போது உண்டாகும் நிலைமின்சாரம் குழாயிலேயே தேங்கும். ஸ்டேஷனில் நாசிலைச் செருகும் இடத்தில், ஆவி அதிகமாக இருக்கும் இடத்தில், ஒரு பொறி போதும். ஸ்க்ரூ உட்காரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, இரும்பு தெரிய வைத்து, அதை இறுக்கமாகப் பூட்டுங்கள். பெயின்ட் அடித்த உற்சாகத்தில் இந்த இடத்தையும் மூடிவிட்டு வந்த கார்களை நான் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் பதறுகிறது.

பேட்டரியை மாட்டி, தடுப்பைப் போடாமல் சக்கரத்தை மட்டும் போட்டு, ஸ்டேஷனில் முதலில் ஐந்து லிட்டர் ரோன் 95 பெட்ரோல் ஊற்றிக் குனிந்து பாருங்கள். சரி என்றால் நாசில் தானாக நிற்கும்வரை நிரப்புங்கள், அதற்கு மேல் அழுத்தி அழுத்தி ஊற்ற வேண்டாம். பாதியிலேயே திரும்பத் திரும்ப நாசில் நின்றால் காற்றுக் குழாயின் ஹோஸ் மடங்கியிருக்கும், திருத்துங்கள். மறுநாள் காலை கிளிப் ஓரங்களை டிஷ்யூவால் ஒற்றி முகர்ந்து, வாடை இல்லையென்றால் தடுப்பை மாட்டிவிடலாம்.