பிளஸ் ஒன்னுக்குத் தனியார் பள்ளி: எப்போது தொடங்குவது, எதை எதைப் பார்ப்பது

என் மகள் படித்த மெட்ரிக் பள்ளி பத்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதனால் போன வருடம் பிளஸ் ஒன்னுக்கு வேறு தனியார் மேல்நிலைப் பள்ளி தேட வேண்டியிருந்தது. அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதை, இந்த வருடம் பிள்ளைகள் பத்தாவது எழுதும் வீடுகளுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு கேள்வி

பிள்ளை இப்போது அரசுப் பள்ளியில் படிக்கிறதா? அப்படியானால் விண்ணப்பம் வாங்கும் முன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்றவற்றில் 2021 முதலும் நடைமுறையில் உள்ள 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். கடைசி இரண்டு வருடம் தனியாருக்கு மாறினால் அது போய்விடும். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களையும் கணக்கில் எடுங்கள். தமிழ் வழியில் படிக்கும் பிள்ளை ஆங்கில வழிக்கு மாறினால், அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத முன்னுரிமையும் கிடைக்காது. பெரிய கட்டடத்தையும் பேருந்தையும் பார்த்து இதையெல்லாம் விட்டுவிடாதீர்கள். நன்றாகப் படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளை அங்கேயே தொடர்வதுதான் நல்லது என்பது என் உறுதியான கருத்து.

எப்போது தொடங்குவது

பொதுத்தேர்வு முடிவு மே மாதம் வரும் (2024-இல் மே 10, 2025-இல் மே 16). அதுவரை காத்திருந்தால் பெயர்பெற்ற பள்ளிகளில் நாம் கேட்கும் குரூப் (பாடப்பிரிவு) இருக்காது. டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு முடிந்ததுமே பல பள்ளிகள் விசாரணைப் படிவம் கொடுக்கத் தொடங்கிவிடுகின்றன. நாமக்கல், ராசிபுரம் பக்கம் உள்ள விடுதிப் பள்ளிகளுக்கு இது இன்னும் பொருந்தும். ஜனவரியில் மூன்று, நான்கு பள்ளிகளை நேரில் பார்த்துவிடுங்கள். பிப்ரவரிக்குப் பிறகு பிள்ளையை எங்கேயும் அழைத்துப் போகாதீர்கள், படிக்க விடுங்கள்.

குரூப்

இதைப் பள்ளிக்கூடம் முடிவு செய்யக் கூடாது. கணிதமும் உயிரியலும் சேர்ந்த குரூப் எடுத்தால் நீட், பொறியியல் இரண்டு கதவும் திறந்திருக்கும் என்பது உண்மை. ஆனால் உயிரியலில் மனமில்லாத பிள்ளைக்கு அது இரண்டு வருடச் சுமை. கம்ப்யூட்டர் சயின்ஸ், காமர்ஸ் எல்லாம் மார்க் குறைந்தவர்களுக்கு என்று பேசும் பள்ளியை நான் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டேன்.

கட்டணம்

தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தனியார் பள்ளிகளுக்கான கட்டணத்தை ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான கட்டண நிர்ணயக் குழு தீர்மானிக்கிறது. ஒரு பள்ளிக்குப் போட்ட ஆணை மூன்று கல்வியாண்டுகளுக்குப் பொருந்தும். ஆணையில் பதினொன்றாம் வகுப்புக்கு என்ன தொகை என்று பார்த்து வைத்துக்கொண்டு அலுவலகத்தில் பேசுங்கள். அவர்கள் சொல்லும் தொகை அதைவிடக் கூடுதலாக இருந்தால், எது எதற்கு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். பேருந்து, விடுதி, நீட் பயிற்சி என்று தனித்தனியாக வரும். வேண்டாததை வேண்டாம் என்று சொல்ல அப்போதுதான் முடியும்.

பணத்தை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். பள்ளியின் வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்புவதையே நான் நம்புகிறேன். ரசீதில் பிள்ளையின் பெயரோடு குரூப்பும் எழுதியிருக்க வேண்டும். "அட்மிஷன் அட்வான்ஸ்" என்று மட்டும் இருந்தால், முடிவு வந்த பிறகு "கேட்ட குரூப் நிரம்பிவிட்டது, வேறு எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்ல இடம் கொடுத்ததாகிவிடும்.

டிசியும் எமிஸும்

எங்களுக்கு நாள் கணக்கில் இழுத்தது இந்த இடம்தான். முடிவு வந்ததும் தற்காலிக மதிப்பெண் சான்றிதழையும் டிசியையும் (மாற்றுச் சான்றிதழ்) வாங்கிக்கொண்டு புதுப் பள்ளிக்குப் போனோம். கணினி முன் இருந்த அம்மா எமிஸ் எண்ணை (பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் உள்ள எண்) அடித்துப் பார்த்துவிட்டு, "பாப்பா இன்னும் பழைய ஸ்கூல்லதான் காட்டுது" என்றார். கையில் டிசி இருந்தும் சேர்க்கையைப் பதிவு செய்ய முடியவில்லை.

விஷயம் இதுதான். பழைய பள்ளி டிசியைக் காகிதத்தில் கொடுத்தால் மட்டும் போதாது. எமிஸ் தளத்திலும் பிள்ளையைத் தங்கள் பட்டியலிலிருந்து விடுவித்து, காமன் பூல் எனப்படும் பொதுத் தொகுப்புக்கு அனுப்ப வேண்டும். புதுப் பள்ளி அங்கிருந்துதான் எடுத்துக்கொள்ளும். டிசி வாங்கும் அன்றே, "எமிஸில் காமன் பூலுக்குப் போட்டாச்சா?" என்று கேட்டு, திரையைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு வாருங்கள். அப்போதே பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் ஆதாரோடும் மதிப்பெண் சான்றிதழோடும் ஒத்துப்போகிறதா என்றும், அதில் உள்ள கைபேசி எண் இப்போது நீங்கள் வைத்திருப்பதுதானா என்றும் பாருங்கள்.

கட்டண பாக்கியைக் காட்டி டிசி தர மறுத்தால் பயப்படாதீர்கள். டிசி பாக்கி வசூலிக்கும் கருவி அல்ல என்றும், பாக்கி இருப்பதாக அதில் எழுதக் கூடாது என்றும் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்திருக்கிறது. தனியார் பள்ளிகளுக்கென்றே மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கிறார், அவரிடம் எழுத்தில் மனு கொடுங்கள்.

மற்றதெல்லாம் வழக்கமானதுதான்: சாதிச் சான்றிதழ், ஆதார், புகைப்படம். எல்லாவற்றிலும் நாலைந்து நகல் எடுத்து வையுங்கள். அசல் டிசியை ஒப்படைக்கும் முன் ஒரு நகல் கட்டாயம்.

பின்சேர்க்கை: மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாவது முடித்துவிட்டு சிபிஎஸ்இ பிளஸ் ஒன்னுக்குப் போவது பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். வாரியம் மாறும்போது டிசியில் கல்வி அலுவலரின் மேலொப்பம் கேட்பார்கள். ஜூனில் எல்லோரும் ஒரே நேரத்தில் அந்த அலுவலகத்துக்கு வருவார்கள். அதனால் டிசி கைக்கு வந்த மறுநாளே காலையில் போய்விடுங்கள், அசலோடு மதிப்பெண் சான்றிதழ் நகலும் எடுத்துக்கொண்டு.