பெயர் ஒத்துப்போனால் ஊர் கிடைத்துவிடுமா?

எபிரேய வேதாகமத்தில் (பழைய ஏற்பாட்டில்) வரும் ஊர்களை வரைபடத்தில் தேடுபவர்கள் முதலில் பெயருக்குப் பெயர் பொருத்திப் பார்ப்பார்கள். அதில் தப்பில்லை. 1838-இல் அமெரிக்க அறிஞர்கள் எட்வர்ட் ராபின்சனும் எலி ஸ்மித்தும் பாலஸ்தீன மலைநாட்டைச் சுற்றியபோது, அரபு ஊர்ப்பெயர்களுக்குள் பழைய பெயர்கள் ஒளிந்திருப்பதைக் காதால் கேட்டே பல இடங்களைக் கண்டுபிடித்தார்கள். அதோடு நின்றுவிடுவதுதான் தப்பு.

யூதா நாட்டின் பழைய கோட்டை நகரமான லாகீஸ் பட்ட பாட்டைப் பாருங்கள். ஒலியை நம்பியவர்கள் உம் லாக்கிஸ் என்ற இடத்தைக் காட்டினார்கள். 1890-இல் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பீட்ரி போய்ப் பார்த்தபோது அங்கே கிடந்தவை ரோமர் காலத்தைத் தாண்டி முன்னே போகவில்லை. சரி என்று அக்கம்பக்கத்திலிருந்த தெல் எல் ஹெஸி மேட்டைத் தோண்டி, இதுதான் லாகீஸ் என்றார். அதுவும் இல்லை. லாகீஸ் எலூத்தெரோபோலிஸ் என்ற ரோமர் கால நகரத்திலிருந்து 7 மைல் என்று 4-ஆம் நூற்றாண்டிலேயே திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் எழுதி வைத்திருக்கிறார். ஹெஸியோ அதைவிட வெகுதூரம். 1929-இல் தொல்லியலாளர் ஆல்பிரைட் காட்டிய தெல் எத் துவெய்ர் மேடு தூரத்துக்கும் அளவுக்கும் பொருந்தியது. பெயரில் மட்டும் லாகீஸின் சாயல்கூடக் கிடையாது! 1935-இல் அங்கே கிடைத்த பானையோட்டுக் கடிதம் ஒன்றில், லாகீஸின் தீச்சைகையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அசெக்கா (பக்கத்துக் கோட்டை ஊர்) கண்ணில் படவில்லை என்று எழுதியிருந்தது. எரேமியா 34:7-இல் பாபிலோன் படைக்குக் கடைசிவரை தாக்குப்பிடித்ததாக வருவதும் இதே இரண்டு ஊர்கள்தான்.

ஒரு பெயருக்கு ஒரே ஊர் என்று நினைப்பது அடுத்த வழுக்கல். யூதாவின் ஊர்களைப் பட்டியலிடும் யோசுவா 15-ஆம் அதிகாரத்திலேயே சோக்கோ என்ற பெயரில் இரண்டு ஊர்கள் உண்டு. பட்டியலில் கூட வரும் ஊர்களைப் பார்க்க வேண்டும்: அதுல்லாம், அசெக்காவோடு வந்தால் அடிவாரத்துச் சோக்கோ, சாமீர், யாத்தீரோடு வந்தால் மலைநாட்டுச் சோக்கோ.

ஏறினான், இறங்கினான் என்ற வினைகளையும் லேசாகக் கடந்துவிடாதீர்கள். எபிரேயத்தில் யாக்கோபின் மகன் யூதா திம்னா என்ற ஊருக்கு 'ஏறி'ப் போகிறான், சிம்சோன் 'இறங்கி'ப் போகிறான். மலைமேல் இருக்கும் தன் ஊர் சோராவிலிருந்து பள்ளத்தாக்குத் திம்னாவுக்குப் போகும் சிம்சோன் இறங்கத்தான் வேண்டும். யூதா போனது மலைநாட்டில் இருந்த இன்னொரு திம்னாவாகவும் இருக்கலாம். மேல், கீழ் என்ற நில அமைப்பிலிருந்தே மேற்கு, கிழக்கு என்று பெயர் வைத்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கத் தேவையில்லை.

பெயர் இடம்மாறும் என்பதையும் மறக்கக்கூடாது. பழைய எரிகோ தெல் எஸ் சுல்தான் மேட்டில். ஏரோது அரசனின் எரிகோ அங்கிருந்து தள்ளி, வாதி கெல்ட் என்ற ஓடை மலையிலிருந்து வெளியே வரும் இடத்தில்.

அப்புறம் இன்னொரு தப்பு, வேதாகமமே விலாசம் சொல்லும் இடங்களை அவசரப்பட்டுத் தாண்டிவிடுவது. நியாயாதிபதிகள் 21:19 சீலோவுக்கு வழி சொல்வதைப் பாருங்கள்: பெத்தேலுக்கு வடக்கே, பெத்தேலிலிருந்து சீகேமுக்குப் போகும் பாதைக்குக் கிழக்கே, லெபோனாவுக்குத் தெற்கே. பெத்தேல் இருந்த இடத்தில் பெய்தீன் என்ற கிராமம், லெபோனாவின் பெயரில் லுப்பான். மூன்று அடையாளமும் கூடுகிற இடத்துக்கு ராபின்சன் போனபோது, அங்கிருந்த இடிபாட்டை ஊர்க்காரர்கள் சேலூன் என்று அழைத்துக்கொண்டிருந்தார்கள்.