நெடுந்தீவுக்குப் போகிறீர்களா? இரவு தங்குங்கள்

கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ மூன்று நான்கு வாரத்துக்கு ஊருக்குப் போகிறவர்கள், யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் இருக்கிற நெடுந்தீவுக்கு ஒதுக்குவது பெரும்பாலும் ஒரு பகல்தான். காலைப் படகில் போய், ஓட்டோ பிடித்து, கோட்டை, பெருக்குமரம் (பாவோபாப்), குதிரை எல்லாம் பார்த்துப் படமெடுத்துக்கொண்டு பிற்பகல் படகில் திரும்பிவிடுகிறார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன். இருபது வருடத்துக்கு மேல் ஊர்ப்பக்கம் போகாமல் இருந்துவிட்டுப் போன பயணம் அது. தீவில் இருக்கிற என் பெரியம்மா அடுப்பில் உலை வைத்துவிட்டு நண்டுக் கறிக்குத் தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். ஓட்டோக்காரத் தம்பி வாசலில் வந்து நின்று, "அண்ணை, வெளிக்கிடுவம், படகு விட்டிடும்" என்றார். சோறு வடிக்கும்வரைகூட இருக்க முடியவில்லை. படலை வரை வந்த பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த முறை ஒன்பது நாள் தங்கினேன். அந்த ஒன்பது நாளையும் அதற்குப் பிறகு போய்வந்த தடவைகளையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வழி. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி வேலணை, அங்கிருந்து வாணர் தாம்போதி வழியாகப் புங்குடுதீவு, அதன் முனையில் குறிகட்டுவான் துறை. பஸ் ஓடுகிறது. முச்சக்கர வண்டியோ வானோ பிடித்தும் போகலாம். எப்படிப் போனாலும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். குறிகட்டுவானில் இரண்டு கூட்டம் நிற்கும். ஒன்று நயினாதீவுக்கு, மற்றது நெடுந்தீவுக்கு. நயினாதீவுக்குக் கால் மணித்தியாலம் போல. நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். சனி ஞாயிறுகளிலும் நயினாதீவு நாகபூஷணி அம்மன் திருவிழா நாட்களிலும் துறையில் சனம் நெரியும். அந்த அவசரத்தில் கண்ட படகில் ஏறிவிடாதீர்கள், ஏற முன்னர் "நெடுந்தீவுக்கோ?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

படகு நேரத்தை இணையத்தில் பார்த்து நம்ப வேண்டாம். காற்று, எஞ்சின் பழுது, சனத்தின் அளவு என்று ஏதோவொன்றால் அது மாறிக்கொண்டே இருக்கும். முதல் நாள் பின்னேரம் தீவில் இருக்கும் உறவுக்காரருக்கோ தங்கப்போகும் வீட்டுக்கோ தொலைபேசி எடுத்துக் கேளுங்கள். அவர்கள் சொல்வதுதான் நேரம். திரும்பி வருகிற நாளும் இதே கணக்குத்தான். ஒரு விசயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: நெடுந்தீவிலிருந்து திரும்புகிற நாளுக்கும் கொழும்பில் விமானம் ஏறுகிற நாளுக்கும் இடையில் குறைந்தது மூன்று நாளாவது இருக்கட்டும். கடல் பொங்கினால் படகு வராது. அதற்கு யாரோடும் சண்டை பிடிக்க முடியாது.

கடல் எப்போது பொங்கும் என்பது பழைய ஆட்களுக்கு மனப்பாடம். வைகாசி தொடங்கி ஆவணி புரட்டாதி வரை சோளகக் காற்று. ஐப்பசி கார்த்திகையில் வாடைக் காற்றும் மழையும். தை பிறந்து பங்குனி முடியும்வரை கடல் ஓரளவு அடங்கிக் கிடக்கும். குழந்தைகளோடும் வயதானவர்களோடும் போக அதுதான் நல்ல காலம். பிள்ளைகளின் பள்ளி விடுமுறையைப் பார்த்து நம்மில் அதிகம் பேர் ஆடி ஆவணியில்தான் போகிறோம். போகலாம், ஆனால் புங்குடுதீவின் மறைப்புத் தாண்டியதும் படகு நன்றாக ஆடும். வெறும் வயிற்றோடும் ஏறாதீர்கள், வயிறு முட்டத் தின்றுவிட்டும் ஏறாதீர்கள். கீழ்த்தட்டில் டீசல் மணம் தலைசுற்ற வைக்கும், காற்றுப் படுகிற இடமாகப் பார்த்து உட்காருங்கள். உயிர்காப்பு அங்கி தந்தால் போடுங்கள். பக்கத்தில் இருக்கிற ஊர்ச்சனம் போடாமல் இருக்கலாம். அவர்களுக்கு அந்தக் கடல் பழகினது.

படகு போய் அணைகிற இடம் மாவிலித்துறை. இறங்கினதும் ஓட்டோக்களைத் தேடிப் பாய முன்னர் ஒரு நிமிடம் நில்லுங்கள். குமுதினிப் படகில் கொல்லப்பட்டவர்களின் நினைவிடம் அங்கே இருக்கிறது. 1985 மே 15 அன்று, நீங்கள் இப்போது கடந்துவந்த அதே கடலில், பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாகப் பயணம் செய்தவர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்தக் குமுதினி திருத்தப்பட்டுப் பிறகும் இதே சனத்தை ஏற்றிக்கொண்டு ஓடியது. அது ஓடாமல் விட்டால் தீவுச் சனத்துக்கு அப்போது போக்குவரத்து பெரும்பாடு. கூட வருகிற பிள்ளைகளுக்கு இதை அவர்களுக்கு விளங்குகிற மொழியில் சொல்லிவிட்டு ஊருக்குள் கூட்டிப் போங்கள்.

கொண்டுபோக வேண்டியவை பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். சொக்லேட்டும் வாசனைத் திரவியமும் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் யாழ்ப்பாணச் சந்தையில் இறங்கி தக்காளி, கத்தரிக்காய், பச்சை மிளகாய், நல்ல வாழைக்குலை ஒன்று வாங்கிக்கொண்டு போய்ப் பாருங்கள். தீவில் மரக்கறி பெரும்பாலும் படகேறித்தான் வர வேண்டும், விலையும் அதற்கேற்றபடி. ஆச்சிமாருக்கு வெற்றிலை பாக்கு. உங்களுக்கு வேண்டிய மருந்துகளை நாட்கணக்கை விட ஒரு வாரம் கூடவே எடுத்துப் போங்கள். தீவில் அரச வைத்தியசாலை இருக்கிறது; பெரிய வருத்தம் என்றால் கடல் தாண்டி யாழ்ப்பாணம்தான். பணம் கையில் ரூபாயாக, சில்லறையாக இருக்கட்டும். மின்சாரம் தீவிலேயே எடுக்கிறார்கள், இடைக்கிடை நின்றும் போகும், அதனால் ஒரு டோர்ச் லைற் அவசியம். பிளாஸ்டிக் போத்தல்களையும் பொலித்தீன் பைகளையும் போட அங்கே இடம் இல்லை. கொண்டு போனதைத் திருப்பிக் கொண்டு வாருங்கள்.

இனித் தண்ணீர். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டிலிருந்து போகிற நாம் தெரியாமல் பிழை விடுகிற இடம் இதுதான். நெடுந்தீவின் அடி முழுக்கச் சுண்ணாம்புக்கல். மழைத் தண்ணீர் கல்லின் துளைகளுக்குள்ளால் இறங்கி, கீழே நிற்கிற உப்புத் தண்ணீருக்கு மேல் ஒரு படையாக மிதக்கும். உப்புத் தண்ணீர் பாரம் கூடியது, அதனால் இரண்டும் உடனே கலப்பதில்லை. மெல்ல மெல்ல அள்ளினால் நல்ல தண்ணீர் வரும். மோட்டர் பூட்டி இழுத்தால் அடியில் இருக்கிற உப்பு மேலே ஏறிவிடும். ஏறினால் அடுத்த மாரி வரை காத்திருக்க வேண்டியதுதான். தீவின் எல்லாக் கிணறும் ஒரே மாதிரி இல்லை. சாராப்பிட்டிப் பக்கம் நல்ல தண்ணீர், வேறு பல இடங்களில் வாயில் வைக்க முடியாத சவர். குடிதண்ணீரை அதனால் தூரத்திலிருந்து எடுத்து வந்துதான் வீடுகளில் பாவிக்கிறார்கள்.

பெரியம்மா தண்ணீர் அள்ளுவதைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். வாளியைத் தொபுக்கென்று போடமாட்டார். கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, வாளியின் விளிம்பு தண்ணீரைத் தொட்டதும் மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டுவார். வாளி சரிந்து மேல் தண்ணீரை மட்டும் அள்ளிக்கொண்டு வரும். அரைவாளிதான். "முழுசா முக்கினா உப்பை எல்லே கலக்கிறாய் மோனை" என்று ஒரு நாள் என் கையிலிருந்து கயிற்றை வாங்கினார். அன்றைக்கு மட்டும் நான் குளிக்க ஊற்றிய தண்ணீர், அந்த வீட்டில் மூன்று பேருக்குப் போதுமானதாக இருந்திருக்கும். ஆகவே தங்கப் போகிற வீட்டில் முதல் வேலையாக எந்தத் தண்ணீர் குடிக்க, எந்தத் தண்ணீர் குளிக்க என்று கேளுங்கள். குளிக்க அளவாக எடுங்கள். உடுப்பை யாழ்ப்பாணம் வந்து தோய்க்கலாம்.

பார்க்க வேண்டிய இடங்களுக்கு ஒரு முழு நாள் தாராளம். முருகைக்கல்லால், அதாவது பவளப்பாறைக் கல்லால் கட்டிப் பாதி சரிந்து நிற்கிற கோட்டை, ஆள் உள்ளே நுழையக்கூடிய கோறை விழுந்த பெருக்குமரம், ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு, மேற்கே வெடியரசன் கோட்டை என்று ஊர் சொல்கிற இடிபாடு, தெற்கு முனைக் கோபுரம். குதிரைகள் திறந்த புல்வெளியில் கூட்டமாக நிற்கும். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆண்ட காலத்தோடு வந்தவற்றின் வழிவந்தவை. கோடையில் தண்ணீருக்கு அலையும் உயிர்கள். வண்டியில் துரத்திப் படம் பிடிக்க வேண்டாம்.

என்னைக் கேட்டால் இவை எல்லாவற்றையும் விட வேலிகளைப் பாருங்கள் என்பேன். சாந்து இல்லை, சீமெந்து இல்லை. முருகைக்கல்லைக் கல் மேல் கல்லாக அடுக்கி இடுப்பளவு உயர்த்தியிருப்பார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் பூ மாதிரி, மூளை மடிப்பு மாதிரி பழைய கடல் தெரியும். பின்னேர வெயிலில் கல்லிடுக்கால் வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தரையில் விழும். காற்றும் அந்த இடுக்குகளுக்குள்ளால் போய்விடும். நினைவுக்கென்று ஒரு கல்லையும் உருவிவிடாதீர்கள். ஒன்றை உருவினால் மற்றவை சரியும், அடுக்கத் தெரிந்த கைகளும் இப்போது குறைவு.

கடைசிப் படகு போனதும் ஊர் மாறிவிடும். வந்தவர்கள் போய்விட்டார்கள், இனி யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்த ஒரு அமைதி. ஆடுகளைச் சாய்த்துக்கொண்டு வருவார்கள், கோயில் மணி கேட்கும், பனையோலை சலசலக்கும். படலையடியில் ஒரு கதிரையைப் போட்டுச் சும்மா இருங்கள். போகிறவர் ஒவ்வொருவரும் நின்று, "ஆற்றை பிள்ளை நீ?" என்று கேட்பார்கள். பெயரைச் சொன்னால் போதாது. அப்பப்பாவின் பெயர், தாய்வழி, எந்தக் கோயிலடி என்று சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு இதை முன்னரே பழக்கிவிடுங்கள். என் மகளுக்குத் தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும். மூன்றாம் நாள் ஒரு ஆச்சிக்கு அவளே தன் பூட்டியின் பெயர் வரை சொன்னாள். ஆச்சி அவள் கன்னத்தைத் தடவி, மடியிலிருந்து பனம்பழக் களியைக் காயவைத்த பனாட்டில் ஒரு துண்டு எடுத்துக் கொடுத்தார்.

காணிக் கதையை முதல் இரண்டு நாளும் எடுக்காதீர்கள். நாம் இல்லாத இத்தனை வருடமும் அந்த வளவைக் கூட்டி, வேலி பார்த்து இருந்தவர்களுக்கு அது வேறு மாதிரிப் படும். பேசத்தான் வேண்டும் என்றால் காணி உறுதிப் பத்திரத்தின் பிரதியோடு, கிராம சேவையாளரையும் கண்டு, ஆறுதலாகப் பேசுங்கள். பள்ளிக்கூடத்துக்கு ஏதும் செய்ய விரும்பினாலும் முதலில் அதிபரைக் கண்டு என்ன தேவை என்று கேளுங்கள். நாமாக முடிவெடுத்துக் கொண்டுபோகிற பொருள் அலுமாரியில் கிடந்து போகும்.

திரும்புகிற நாள் காலையில் பனங்கிழங்கில் செய்த புழுக்கொடியலும் ஒடியல் மாவும் கட்டித் தருவார்கள். வேண்டாம் என்று சொல்லாதீர்கள். இரண்டு பைக்குள் போட்டு, படகில் அலைத் தண்ணீர் தெறிக்காதபடி மடியில் வைத்திருங்கள். வீடு திரும்பி விமான நிலையத்தில் இறங்கும்போது சுங்கத்தில் உணவுப்பொருள் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். அவுஸ்திரேலியாவில் மறைத்தால் தண்டப்பணம் கட்ட வேண்டி வரும். வீடு வந்து சேர்ந்ததும், சேர்ந்துவிட்டோம் என்று பெரியம்மாவுக்கு ஒரு தொலைபேசி. அவர் படகு நேரத்திலிருந்து கணக்குப் பார்த்துக்கொண்டு இருப்பார்.