ஈஸ்ட் டோனட்டும் கொஞ்சம் அடுக்களை மாந்திரீகமும்

வீட்டில் சுடும் டோனட் பஞ்சுபோல் வராமல், வெளியே சிவந்தும் உள்ளே மாவாகவும் நின்றுவிடுவதற்கு அளவுப் பிழை காரணமாக இருப்பது குறைவு. மாவைப் பொங்கவிட வேண்டிய இரண்டு கட்டங்களில், குறிப்பாக இரண்டாவதில், அவசரப்படுவதே பெரும்பாலும் காரணம். ஆகவே இந்தச் செய்முறையில் அந்தக் கட்டத்தை மட்டும் விரிவாக எழுதியிருக்கிறேன். சப்பாத்திக்கு மாவு பிசைந்து பழகியவர்கள் மற்றவற்றை எளிதில் செய்துவிடுவார்கள்.

மேலை நாடுகளில் அடுக்களை மாந்திரீகம் என்று சொல்லப்படும் பழக்கத்திலிருந்து சிலவற்றையும் இதில் சேர்த்திருக்கிறேன். பில்லி சூனியத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. மாவைக் கடிகார முள் சுற்றும் திசையில் கிளறுவது, பிசையும்போது உண்ணப்போகிறவரின் நலனை மனத்தில் நிறுத்துவது, வளம் தரும் என்று பட்டையும் சாதிக்காயும் சேர்ப்பது ஆகியவையே அதில் அடங்கும். அயர்லாந்தில் சோடா ரொட்டியின் மேல் சிலுவைக் குறி கீறி, குறும்புத் தேவதைகள் அதன் வழியே வெளியேறிவிடும் என்பார்கள். தீபாவளிப் பலகாரம் சுடுமுன் மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைப்பவர்களுக்கும், எண்ணெய் பொங்காமலிருக்கச் சட்டியில் சிறிது புளியைப் போடுபவர்களுக்கும் இவை அந்நியமாகத் தோன்றமாட்டா. கையை நிதானப்படுத்தும் சடங்கு எதுவானாலும் வைத்துக்கொள்ளலாம், மாவின் பொங்கலைக் கெடுப்பதை விட்டுவிடலாம் என்பது என் கட்சி.

தேவையானவை

சுமார் 12 டோனட்டுகளுக்கு மைதா 400 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம், சர்க்கரை 50 கிராம், உப்பு 6 கிராம், பால் 200 மில்லி, ஒரு முழு முட்டை, கூடுதலாக ஒரு மஞ்சள் கரு, உப்பில்லாத வெண்ணெய் 60 கிராம், துருவிய சாதிக்காய் ஒரு சிட்டிகை ஆகியவை வேண்டும். பொரிப்பதற்குச் சூரியகாந்தி எண்ணெயோ ரீஃபைண்ட் கடலை எண்ணெயோ போதும். செக்கு நல்லெண்ணெயின் மணம் இதற்குப் பொருந்தாது. மேலே தூவுவதற்கு 100 கிராம் சர்க்கரையும் இரண்டு தேக்கரண்டி பட்டைத் தூளும் எடுத்துவையுங்கள்.

கப் அளவை நம்பாதீர்கள். ஒரே கப்பில் மைதாவை அழுத்தி அள்ளுவதற்கும் தளர்வாக அள்ளுவதற்கும் 30 கிராம்வரை வேறுபடும். அந்த வேறுபாடே மாவை இறுக்கிவிடும். சமையலறைத் தராசு ஒன்றை வாங்குவது இந்தச் செலவிலேயே மிகவும் பயனுள்ளது என்பேன். அடுத்தபடியாக எண்ணெயின் சூட்டைக் காட்டும் வெப்பமானி. மூன்றாவதாகக் கனமான இரும்புச் சட்டி. மெல்லிய நான்ஸ்டிக் வாணலியில் டோனட்டைப் போட்டவுடன் சூடு சரிந்துவிடும்.

மாவு பிசைதல்

பாலைக் கைவிரலுக்கு இதமான வெதுவெதுப்புக்கு, அதாவது 38 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்குங்கள். ஈஸ்ட் 55 டிகிரிக்கு மேல் பிழைக்காது என்பதால், காய்ச்சி இறக்கிய பாலை ஆறவிடாமல் ஊற்றுவது அதைக் கொல்வதற்குச் சமம். ஈஸ்ட் பாக்கெட்டைத் திறந்து நெடுநாளாகிவிட்டதென்றால், பாலில் ஒரு தேக்கரண்டி சர்க்கரையைக் கலந்து ஈஸ்ட்டைத் தூவி, பத்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். மேலே நுரை திரளாவிட்டால் புதிய பாக்கெட்டை எடுப்பதுதான் வழி. திறந்த பாக்கெட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது.

மைதா, சர்க்கரை, உப்பு, ஈஸ்ட், சாதிக்காய் ஆகியவற்றைக் கலந்து, முட்டைகளையும் பாலையும் சேர்த்து, அடுக்களை மாந்திரீகர்கள் செய்வதுபோல் ஒரே திசையில் கிளறுங்கள். வலம் சுற்றினாலும் இடம் சுற்றினாலும் மாவுக்கு ஒன்றுதான். ஆனால் ஒரே திசையில் மெதுவாகச் சுற்றும் கை, பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய உலர்ந்த மாவையும் விடாமல் வழித்துச் சேர்த்துவிடும். மாவு திரண்டதும் மூடி, 15 நிமிடம் அப்படியே வைத்துவிட்டால், பிசையும் வேலை பாதியாகக் குறையும்.

பிறகு பத்து நிமிடம் நன்றாகப் பிசைந்து, வெண்ணெயைச் சிறு துண்டுகளாகச் சேர்த்து, மேலும் ஐந்து நிமிடம் பிசையுங்கள். வெண்ணெயைத் தொடக்கத்திலேயே சேர்த்தால் மாவின் பசைத்தன்மை உருவாவது தாமதமாகும். வெண்ணெய் சேர்ந்தவுடன் மாவு பிசுபிசுத்துக் கையெல்லாம் அப்பிக்கொள்ளும். புதியவர்கள் இந்த இடத்தில் மிரண்டு ஒரு கைப்பிடி மைதாவைக் கொட்டிவிடுவார்கள், கொட்டாதீர்கள். தொடர்ந்து பிசைந்தால் மாவு தானாகப் பாத்திரத்தை விட்டு விலகும். ஓர் எலுமிச்சை அளவு மாவை எடுத்து இரு கைகளாலும் மெல்ல விரித்தால், கிழியாமல் வெளிச்சம் ஊடுருவும் சவ்வாக அது விரிய வேண்டும்.

உண்பவர்களை மனத்தில் நினைத்துப் பிசைவது என்ற பழக்கம் இந்தப் பதினைந்து நிமிடத்துக்கு நன்றாக உதவுகிறது. ஆளுக்கு ஒரு நிமிடம் என்று வைத்துக்கொண்டால், பாதியில் நிறுத்த மனம் வராது.

பட்டை எங்கே போக வேண்டும்

பட்டை வளத்தின் அடையாளம் என்பதால், அடுக்களை மாந்திரீகக் குறிப்புகள் பலவற்றில் அதை மாவிலேயே தாராளமாகச் சேர்க்கச் சொல்வார்கள். இந்த ஒன்றை மட்டும் கேட்காதீர்கள். பட்டைக்கு மணம் தரும் சின்னமால்டிஹைடு என்ற பொருள் ஈஸ்ட்டின் வளர்ச்சியைத் தடுக்கக்கூடியது. கூடுதலாகச் சேர்ந்தால் மாவு சோம்பிக் கிடக்கும். சுட்டபின் சர்க்கரையோடு சேர்த்து வெளியே புரட்டினால் மணமும் தூக்கலாக இருக்கும். நம் மளிகைக் கடைகளில் கிடைக்கும் தடித்த பட்டையைவிட, இலங்கையிலிருந்து வரும் மெல்லிய சுருள்களாலான கறுவா டோனட்டுக்கு ஏற்றது. அதன் காரம் மென்மையானது, கையாலேயே நொறுக்கிப் பொடியாக்கவும் முடியும்.

முதல் பொங்கல்

பிசைந்த மாவை எண்ணெய் தடவிய பாத்திரத்தில் இட்டு, ஈரத்துணியால் மூடுங்கள். மேலே கத்தியால் ஒரு சிறு குறி கீற விரும்புகிறவர்கள் கீறலாம். மாவு பொங்கும்போது அந்தக் கோடு விரிவதைப் பார்த்தே வளர்ச்சியை ஓரளவு கணிக்கலாம். சென்னை வெயிலில் 45 நிமிடத்திலேயே மாவு இரு மடங்காகிவிடும். மார்கழியில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகலாம். முதல் நாள் இரவே பிசைந்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, காலையில் எடுத்துத் திரட்டுவது என் விருப்பம். சுவை கூடுவதோடு, குளிர்ந்த மாவை வெட்டுவதும் எளிது.

வெட்டுதல்

மாவை 12 மில்லிமீட்டர் கனத்துக்குச் சப்பாத்திக் கட்டையால் திரட்டி, 8 சென்டிமீட்டர் அகலமுள்ள டம்ளரால் வட்டமாக வெட்டி, நடுவில் சிறிய பாட்டில் மூடியால் துளையிடுங்கள். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தைச் சேர்ந்த ஹான்சன் கிரகரி என்ற மாலுமி, 1847இல் கப்பலில் இருந்த மிளகு டப்பாவின் மூடியால் முதன்முதலில் டோனட்டுக்குத் துளையிட்டது தானே என்று பிற்காலத்தில் உரிமை கொண்டாடினார். நடுப்பகுதி வேகாமல் எண்ணெய் குடித்துக் கிடந்ததே அதற்கு அவர் சொன்ன காரணம். வளையத்தைத் தீமை அண்டாமல் காக்கும் காப்பு வட்டமாகக் காண்பவர்களும் உண்டு. காப்பு இருக்கிறதோ இல்லையோ, நடு வேகிறது.

டம்ளரை நேராக அழுத்தி எடுங்கள், திருகாதீர்கள். திருகினால் ஓரம் ஒட்டிக்கொண்டு டோனட் ஒருபுறம் சாய்ந்து பொங்கும்.

இரண்டாவது பொங்கல்

இனிதான் கவனம் வேண்டும். வெட்டுவதற்கு முன்பே பட்டர் பேப்பரை 10 சென்டிமீட்டர் சதுரங்களாக நறுக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வளையத்தையும் ஒவ்வொரு துண்டின் மேல் வையுங்கள். பொங்கிய வளையத்தைக் கையால் எடுத்தால், விரல் பட்ட இடமெல்லாம் காற்று வெளியேறி அமுங்கிவிடும். பேப்பரோடு தூக்கி, பேப்பரோடு எண்ணெயில் இறக்கினால், சில நொடிகளில் பேப்பர் கழன்றுவிடும். இடுக்கியால் அதை எடுத்துவிடலாம்.

வளையங்களைத் துணியால் தளர்வாக மூடி, 30 முதல் 40 நிமிடம் விடுங்கள். நிமிடக் கணக்கை வழிகாட்டியாக மட்டும் கொண்டு, முடிவை விரலிடம் விடுங்கள். மாவு தொட்ட விரல்நுனியால் வளையத்தின் ஓரத்தை மெல்ல அழுத்திப் பாருங்கள். குழி உடனே துள்ளி மேலே வந்துவிட்டால் இன்னும் நேரம் இருக்கிறது. மெதுவாக எழும்பி, சிறு தடத்தை மட்டும் விட்டுவைத்தால் அதுவே பதம். குழி அப்படியே நின்றுவிட்டால் பதம் தாண்டிவிட்டது. அப்போது மாவைத் திரும்பத் திரட்டி, மீண்டும் வெட்டிப் பொங்கவிடலாம். பதம் தாண்டியதைப் பொரித்தால், எண்ணெயில் அழகாக உப்பி, தட்டுக்கு வந்ததும் சுருங்கிச் சப்பையாகிவிடும்.

இந்த அரை மணி நேரத்தில் விளக்கேற்றி வைத்துக் காத்திருப்பது அடுக்களை மாந்திரீகர்களின் வழக்கம். ஏற்றுவதென்றால் கூடத்தில் ஏற்றுங்கள். எண்ணெய்ச் சட்டிக்கு அருகில் சுடரை வைக்கக் கூடாது.

பொரித்தல்

சட்டியில் குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு எண்ணெய் ஊற்றி, 175 டிகிரி வரை காயவிடுங்கள். வெப்பமானி இல்லாதவர்கள், வெட்டியெடுத்த நடுத்துண்டு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். அடியில் தங்காமல் மேலே வந்து, ஒரு நிமிடத்தில் பொன்னிறமானால் சரி. இருபது நொடியிலேயே கருத்தால் தீயைக் குறைத்துப் பொறுத்திருங்கள். இந்த மாவில் பாலும் முட்டையும் சர்க்கரையும் இருப்பதால், வடை சுடும் சூட்டில் இதைச் சுட்டால் வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்கும்.

ஒரு தடவைக்கு மூன்று வளையங்களுக்கு மேல் போடாமல், ஒவ்வொரு பக்கமும் ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகமாக வேகவிட்டு, ஒரே முறை திருப்பி, ஜல்லிக்கரண்டியால் எடுத்து எண்ணெய் வடியவிடுங்கள். பதமாகப் பொங்கிய டோனட் எண்ணெயில் பாதி மூழ்கியும் பாதி மிதந்தும் வேகும். ஆகவே அதன் இடுப்பைச் சுற்றி, எண்ணெய் படாத வெளிர்ந்த வரி ஒன்று தெரியும். அந்த வரி இல்லாமல் முழுதும் ஒரே சிவப்பாக இருந்தால், இரண்டாவது பொங்கல் போதவில்லை என்று பொருள்.

சூடு ஆறுமுன் பட்டைச் சர்க்கரையில் புரட்டுங்கள். ஆறியபின் சர்க்கரை ஒட்டாது. அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தனுப்பும்போது, எண்ணெய்ப் பலகாரத்தோடு ஒரு கரித்துண்டை வைக்கும் நம்மூர் வழக்கத்தை இதற்கும் நான் கைவிடுவதில்லை. தனித் தாளில் மடித்து வைத்தால் சர்க்கரையில் கறை படாது.

பின்சேர்க்கை

முட்டை சேர்க்காதவர்கள் பலர் கேட்டதால் இதைச் சேர்க்கிறேன். முட்டைக்கும் மஞ்சள் கருவுக்கும் பதிலாக 60 கிராம் கெட்டித் தயிர் சேர்க்கலாம். நிறம் சற்று மங்கலாக வரும், மென்மை குறையாது. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கு மாவு பொங்கவே இல்லை என்றால், மாவுப் பாத்திரத்தையும் வெந்நீர் நிரம்பிய ஒரு டம்ளரையும் அணைத்த மைக்ரோவேவ் பெட்டிக்குள் வைத்துக் கதவை மூடிவிடுங்கள். கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் மைதா ஈரத்தை இழுத்து வைத்திருக்கும்; அப்போது 20 மில்லி பாலைத் தனியே நிறுத்திக்கொண்டு, மாவு கேட்டால் மட்டும் ஊற்றுங்கள். வெட்டியபின் மிஞ்சும் மாவை அழுத்திப் பிசையாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பத்து நிமிடம் ஆறவிட்டுத் திரட்டினால், அதிலும் மூன்று நான்கு வளையங்கள் தேறும்.