ஹேங் ஆன கணினியைத் தூரத்திலிருந்தே ரீசெட் செய்ய ஒரு சின்னக் கருவி

சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புறப் பட்டணங்களில், டியூஷன் நிலையத்திலோ கோயில் அலுவலகத்திலோ ஒரு கணினி இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும். கேமரா பதிவு, சந்தாக் கணக்கு எல்லாம் அதில்தான். அதைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்கு வேலை ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ இருக்கும். இடிமழையில் கரண்ட் ஒரு நொடி போய் வந்து கணினி ஹேங் ஆகிவிட்டால், ஒரே ஒரு பட்டனை அழுத்த யாராவது போய்ப் பூட்டைத் திறக்கவேண்டும். அந்த அழுத்தலைக் கைப்பேசியிலிருந்தே செய்யலாம்.

முதலில் ஒரு விதி: காப்பாற்றப்போகும் கருவி, மாட்டிக்கொண்ட கணினியை எதற்கும் நம்பியிருக்கக்கூடாது. டீம்வியூவர் போன்ற, தூரத்திலிருந்து கணினியை இயக்கும் மென்பொருள் கணினியோடு சேர்ந்தே ஹேங் ஆகும். நெட்வொர்க் வழியாகக் கணினியை ஆன் செய்யும் வேக் ஆன் லேன் வசதி அணைந்திருப்பதை எழுப்பும். ஹேங் ஆனதை அசைக்காது. அதனால் நம் கருவிக்குக் கரண்டும் வைஃபையும் தனியாக வேண்டும்.

தேவையானவை: ஈஎஸ்பி8266 சிப் உள்ள வீமோஸ் டி1 மினி (வைஃபை உள்ள சின்னச் சர்க்யூட் பலகை), பிசி817 ஆப்டோகப்ளர் (ஒளியால் இயங்கும் சின்ன ஸ்விட்ச்), 330 ஓம் ரெசிஸ்டர், ஜம்பர் வயர்கள், பழைய கைப்பேசி சார்ஜர், மல்டிமீட்டர். மடிக்கணினிக்கு இந்த முறை ஒத்துவராது. மதர்போர்டில் ரீசெட் பின்கள் உள்ள மேசைக்கணினிதான் வேண்டும்.

படி 1: பின்களைக் கண்டுபிடித்தல்
கணினிப் பெட்டியின் ரீசெட் பட்டன் செய்வது இவ்வளவுதான்: மதர்போர்டின் இரண்டு பின்களை ஒரு கணம் இணைத்துவிடுகிறது. அவை எவை என்று மதர்போர்டு கையேட்டில் பாருங்கள். கணினி ஓடும்போது மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பெட்டியின் வெறும் உலோகத்தில் வைத்து, சிவப்பு முனையால் ஒவ்வொரு பின்னையும் தொடுங்கள். சிவப்பு முனை இரண்டு பின்களையும் ஒருசேரத் தொட்டால் கணினி ரீசெட் ஆகிவிடும், கவனம். 3.3 அல்லது 5 வோல்ட் காட்டுவது சிக்னல். சுழியம் காட்டுவது கிரவுண்ட். ஆப்டோகப்ளர் ஒரு திசையில்தான் வேலை செய்யும் என்பதால் இந்த அளவீட்டைச் செய்யாமல் விடாதீர்கள்.

படி 2: இணைப்பு
பிளக்கைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். பவர் சப்ளைக்குள் கை வைக்கவே வேண்டாம். அங்கே 230 வோல்ட்.

பிசி817-இல் புள்ளி இருக்கும் கால்தான் 1. பலகையின் டி1 பின்னிலிருந்து ரெசிஸ்டர் வழியாகக் கால் 1-க்கு, கால் 2-இலிருந்து பலகையின் ஜி பின்னுக்கு. மறுபக்கம் கால் 4 சிக்னல் பின்னுக்கு, கால் 3 கிரவுண்டுக்கு. உள்ளே ஒளி மட்டுமே கடப்பதால் இரண்டு சுற்றுகளும் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஆப்டோகப்ளருக்குள் இருக்கும் எல்இடி விளக்குக்குப் போவது ஏறக்குறைய 6 மில்லி ஆம்பியர், பலகை தாங்கும்.

பழைய பட்டனைக் கழற்றிவிடாதீர்கள், இணையாகவே சேருங்கள். பலகையை இரும்புப் பெட்டிக்கு வெளியே வையுங்கள், உள்ளே வைஃபை சிக்னல் குறைந்துவிடும். ஈஎஸ்பி8266-க்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைதான் தெரியும்.

படி 3: நிரல்
பலகைக்கு நிரல் எழுத ஆர்டுயினோ மென்பொருள் போதும். அதில், தொடங்கியவுடன் டி1-ஐ லோ (அணைந்த நிலை) ஆக்குவதே முதல் வேலையாக இருக்கட்டும். பிறகு வைஃபை, அதன்பின் எம்க்யூடிடி சர்வர், அதாவது கைப்பேசிக்கும் பலகைக்கும் நடுவில் இணையத்தில் இருந்து சின்னச் செய்திகளைக் கடத்தும் சர்வர். பலகையே வெளியே போய் இணைவதால் ரவுட்டரில் எந்தப் போர்ட்டையும் திறக்கத் தேவையில்லை, திறக்கவும் கூடாது. கடவுச்சொல்லும் டிஎல்எஸ் குறியாக்கமும் கட்டாயம். இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் உங்கள் கணினியை ரீசெட் செய்யலாம்.

கைப்பேசியிலிருந்து 'ரீசெட்' என்று செய்தி வந்தால் டி1-ஐ அரை நொடி ஹை ஆக்கி மீண்டும் லோ ஆக்கவேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது: அந்தச் செய்தியை 'ரிட்டெயின்' தேர்வோடு அனுப்பிவிட்டால் சர்வர் அதைப் பிடித்து வைத்திருக்கும். வைஃபை விட்டு விட்டு வரும் நாளில், பலகை இணையும் ஒவ்வொரு முறையும் கணினி ரீசெட் ஆகும். ஹார்ட் டிஸ்க்குக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை. அந்தத் தேர்வை அணைத்தே வையுங்கள்.

எம்க்யூடிடியின் 'லாஸ்ட் வில்' வசதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். பலகை இணைப்பிலிருந்து விழுந்தால் சர்வர் உங்களுக்குச் சொல்லும். பலகை உயிரோடு இருந்து கணினி மட்டும் பதில் தராவிட்டால், பெரும்பாலும் ஹேங்தான். இரண்டுமே மௌனம் என்றால் கரண்டோ இணையமோ போயிருக்கிறது, காத்திருங்கள்.

படி 4: பவர் பட்டன்
டி2-இல் இன்னொரு பிசி817 வைத்துப் பவர் பின்களுக்கும் இதையே செய்யலாம். அரை நொடி அழுத்தினால் கணினி ஆன் ஆகும். 4 நொடிக்கு மேல் பிடித்தால் கட்டாயமாக அணையும். பயாஸில் (விண்டோஸ் தொடங்குமுன் வரும் மதர்போர்டின் அமைப்புத் திரை), கரண்ட் திரும்பியதும் தானே ஆன் ஆகும் அமைப்பையும் போட்டு வையுங்கள்.

முதல் சோதனையைப் பயாஸ் திரையில் செய்யுங்கள், கோப்புகள் பாதிக்காது. அது சரியாக வந்தபின் கைப்பேசியின் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவிலிருந்து ஒருமுறை அனுப்பிப் பாருங்கள். ஈப்போவிலிருந்து அனுப்பினாலும் இதே வழியில்தான் வரும்.