இணையவழிப் பட்டப்படிப்பில் ஆசிரியர் பணியைப் பிரித்தமைக்கும் முறை

கல்லூரி வகுப்பில் பாடம் நடத்துவது, ஐயம் தீர்ப்பது, விடைத்தாள் திருத்துவது ஆகிய அனைத்தையும் ஒரே ஆசிரியர் செய்துவந்தார். அதே ஏற்பாட்டைக் கூகுள் மீட்டுக்கு அப்படியே மாற்றினால், ஆசிரியர் ஒரு மணி நேரம் பேசுவார்; மாணவர்கள் கேமராவை அணைத்துவிட்டு அமர்ந்திருப்பார்கள். அது மாணவர்களின் அக்கறைக் குறைவன்று, பணி அமைப்பின் குறை. ஆகவே பணிகளைப் பிரிப்பதிலிருந்தே தொடங்க வேண்டும்.

1969இல் நிறுவப்பட்ட பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், பாடத்தை ஒரு குழு எழுதுவதும் சிறு குழுக்களாக உள்ள மாணவர்களை வேறு ஆசிரியர்கள் வழிநடத்துவதும் என்ற பிரிவினையைத் தொடக்கம் முதலே கையாண்டது. நம் நாட்டிலும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகள், இணையவழிப் படிப்புகளுக்குப் பாட ஒருங்கிணைப்பாளரையும் வழிகாட்டி ஆசிரியரையும் தனித்தனியே குறிப்பிடுகின்றன. 250 மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி என்பது அவ்விதியின் கணக்கு. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அறிந்துகொள்ள இது மிகவும் பெரிய எண்ணிக்கை என்பது என் உறுதியான கருத்து. முனைவர் பட்ட ஆய்வாளர்களையும் அதே படிப்பை முடித்த முன்னாள் மாணவர்களையும் துணை வழிகாட்டிகளாக அமர்த்தி, 25 பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

பாடம் தயாரிப்பவரின் வேலையை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. 2017இல் தொடங்கிய, மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான சுவயம் பின்பற்றும் நான்கு கூறுகளே, அதாவது காணொளி, படிக்கும் பாடம், விவாதப் பகுதி, தன்மதிப்பீடு ஆகியவையே, போதுமான சட்டகம். காணொளி 15 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.

வழிகாட்டியின் பணிதான் படிப்பின் உயிர்நாடி. முதல் இரு வாரங்களில் பாடத்தை அவசரப்படுத்தாமல், தளத்தில் நுழையவும் ஒருவரையொருவர் அறியவும் மாணவர்களுக்கு உதவுங்கள். யார் எங்கே வேலை செய்கிறார், எந்நேரம் ஓய்வு என்பதையும் அப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். திருப்பூரில் காலை 8.30க்குத் தொடங்கி ஒன்றரை ஷிப்ட் முடிப்பவர் வீடு திரும்ப இரவு ஒன்பதாகிவிடும். சனிக்கிழமை மாலையோ பலருக்குச் சம்பள நாள். இவற்றைக் கேட்டறியாமல் வைக்கும் நேரலை வகுப்பில் ஆளிருக்காது. நேரலையையும் விரிவுரைக்காகச் செலவிடாமல், முன்கூட்டியே அனுப்பப்பட்ட ஐயங்களுக்கே ஒதுக்குங்கள். பதிவை அன்றே தளத்தில் ஏற்றுங்கள்.

விவாதத்துக்குக் கேள்வி அமைப்பதில் மிகுந்த கவனம் வேண்டும். அடக்கவிலைக் கணக்கியலில் 'மாறும் செலவு (உற்பத்தி அளவுக்கேற்பக் கூடிக் குறையும் செலவு) என்றால் என்ன, விளக்குக' என்று கேட்டால் 25 பேரும் ஒரே விடையைப் படியெடுத்து ஒட்டுவார்கள். மாறாக, சோமனூரில் கூலிக்கு நெய்யும் விசைத்தறிக்காரருக்கும் அவருக்குப் பாவும் நூலும் தரும் ஜவுளி உற்பத்தியாளருக்கும் நூல்விலை ஏறினால் செலவுக் கணக்கு எவ்வாறு வேறுபடும் என்று கேளுங்கள். கூலிக்கு நெய்பவருக்கு நூல் செலவே அன்று. உற்பத்தியாளருக்கோ அது பெருஞ்செலவு. இதைக் கண்டுகொண்ட மாணவர், திருப்பூரில் கிலோ கணக்கில் கூலி வாங்கிப் பின்னித் தரும் நிட்டிங் கம்பெனியின் கணக்கையும், நாமக்கல் லாரி உரிமையாளரின் டீசல் கணக்கையும் தாமே எடுத்துவரத் தொடங்குவார். வேலைக்குச் சென்றுகொண்டே படிப்பவர் கையில் வைத்திருக்கும் அறிவு இது, அதற்குப் பாடத்தில் இடம் தருவது ஆசிரியரின் கடமை.

கேள்வியை இட்டபின் வழிகாட்டி உடனே விடை கூறக் கூடாது. ஆசிரியர் பேசிவிட்டால் மற்றவர்கள் அடங்கிவிடுவார்கள். இரண்டு நாள் பொறுத்திருந்து, பிறகு விடுபட்டதை எடுத்துக்காட்டி, தவறான கணக்கைத் திருத்தி, நல்ல பதிலை எழுதியவரைப் பெயர் சொல்லிப் பாராட்டி ஒரு தொகுப்பு எழுதுங்கள். கல்வி ஆய்வாளர்களான கேரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் ஆகிய மூவரும் 2000ஆம் ஆண்டில் முன்வைத்த, சேர்ந்து வினவிக் கற்கும் சமூகம் (Community of Inquiry) என்ற கோட்பாட்டில் 'கற்பித்தல் இருப்பு' எனப்படுவது, விவாதத்தை வடிவமைத்து நெறிப்படுத்தும் இத்தகைய பணியையும் உள்ளடக்கியதே.

மாணவர்களுக்கும் ஆசிரியப் பணியில் பங்கு கொடுங்கள். ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, வாரம் ஒருவர் விவாதத்தைத் தொடங்கவும், ஒருவர் மறுப்புகளைத் திரட்டவும், ஒருவர் முடிவுரை எழுதவும் சுழற்சி முறை வையுங்கள். ஆங்கிலத்தில் எழுதத் தயங்குபவர் தமிழில் எழுதலாம், தம் ஊர்ப் பேச்சிலேயே குரல்பதிவும் அனுப்பலாம் என்று முதல் வாரமே அறிவித்துவிடுங்கள். 'ஏனுங்க சார்' என்று தொடங்கும் அந்தப் பதிவுகளில் பெரும்பாலும் தேர்ந்த சிந்தனை இருக்கும். அகமதிப்பீட்டில் விவாதப் பங்களிப்புக்கு மதிப்பெண் உண்டு எனவும் சொல்லுங்கள். ஆனால் பதிவுகளின் எண்ணிக்கைக்கு மதிப்பெண் தராதீர்கள், தந்தால் 'அருமை', 'நன்று' என்பவையே குவியும். பிறர் கருத்தை மறுத்தோ வளர்த்தோ எழுதிய ஒரு பதிலுக்கு மதிப்பெண் தருவதே தகும்.

பத்து நாள் தளத்துக்கே வராத மாணவரைத் தொலைபேசியில் அழையுங்கள், மின்னஞ்சலோடு நிறுத்த வேண்டாம். கண்டிக்காமல், என்ன தடை என்று கேட்டு, ஒப்படைப்புக்கு மாற்று நாள் குறித்துக் கொடுங்கள்.

இறுதியாக, இவையனைத்தும் வாராந்தரப் பணிநேரத்தில் கணக்கில் வர வேண்டும். விவாதத்தைப் படித்துத் தொகுக்கவும் தொலைபேசியில் பேசவும் ஆகும் நேரத்தைப் பாடவேளையாக நிர்வாகம் ஏற்று, அந்த அளவுக்கு விரிவுரை நேரத்தைக் குறைக்கும் எழுத்துபூர்வ ஆணையைச் செமஸ்டர் தொடங்கும் முன்பே பெற்றுவிடுங்கள்.