மலை இறக்கத்தில் நியூட்ரல் வேண்டாம்

ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது காரை நியூட்ரலில் விடாதீர்கள். பெட்ரோல் மிச்சமாகும் என்றுதான் பலரும் விடுகிறார்கள். இன்றைய கார்களில் அதுவும் ஆகாது. நான் மேட்டுப்பாளையத்தில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவன். "அண்ணே, இறக்கத்துல கியர் எதுக்கு, வண்டி தானா போகுதே?" என்று கேட்காத ஆளே இல்லை.

இந்தப் பழக்கம், பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பழைய கருவியான கார்புரேட்டர் இருந்த காலத்தில் வந்தது. அம்பாசடரிலும் பத்மினியிலும் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் இன்ஜின் சுற்றுகிற வரைக்கும் பெட்ரோலை இழுத்துக்கொண்டே இருக்கும். சுற்றைக் குறைத்தால் செலவு குறையும் என்று அந்தக் கால டிரைவர்கள் நினைத்ததில் நியாயம் உண்டு. இன்ஜெக்‌ஷன் வண்டி, அதாவது பெட்ரோலை அளந்து பீய்ச்சும் இன்றைய கார், அப்படி இல்லை. கியரில் இருக்கும்போது காலை முழுக்க எடுத்துவிட்டால், ஐடில் வேகத்துக்கு (வண்டி சும்மா நிற்கும்போது இன்ஜின் சுற்றும் வேகம்) நன்றாக மேலே இன்ஜின் சுற்றும்வரை ஈசியூ என்கிற இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். சக்கரம்தான் அப்போது இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்கவே பெட்ரோல் வேண்டும். சாதாரண காரில் மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர்வரை போகும்.

பெட்ரோலை விடுங்கள், பிரேக்குக்கு வருவோம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 300 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். ஆட்களும் பெட்டிகளுமாக 1,200 கிலோ உள்ள கார் இந்த உயரத்தை இறங்கும்போது ஏறக்குறைய 6 யூனிட் கரண்டுக்குச் சமமான சக்தி வெளியேறியாக வேண்டும். ஒரு கிலோவாட் ஹீட்டரை ஆறு மணி நேரம் எரிக்கிற சூடு அது. காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மீதியை இன்ஜினும் பிரேக்கும் பங்குபோட வேண்டும். நியூட்ரலில் போனால் இன்ஜினின் பங்கும் பிரேக் தலையில்தான். சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கிற பிரேக் பேட் சூடாகிப் பிடிப்பு குறையும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 3 என்கிற தரத்தில் வரும் புது ஆயில் குறைந்தது 205 டிகிரிவரை தாங்கும் என்றால், ஈரம் ஏறியது 140-லேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி சேர்ந்து பெடல் பொதபொதவென்று உள்ளே போய்விடும்.

சரி, எப்படி இறங்குவது? இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். எந்தக் கியரில் அந்த ஏற்றம் ஏறுமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது பழைய கணக்கு; இன்றைய கார்கள் மூன்றாவதிலேயே சுலபமாக ஏறிவிடுவதால், அதற்கு ஒரு கியர் குறைவாக வைத்தால் நல்லது. பர்லியார் பக்கத்துக் கொண்டை ஊசி வளைவுகளுக்கு இரண்டாவது சரி. காலை எடுத்தும் வேகம் கூடிக்கொண்டே போனால் அந்தக் கியர் பெரியது. பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்த பிறகே அடுத்த கியருக்கு இறங்குங்கள். இன்ஜின் சத்தம் ஏறுகிறதே என்று பலர் பயப்படுகிறார்கள். ஆர்பிஎம் மீட்டரில் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருக்கும்வரை அது அதன் வேலையைத்தான் செய்கிறது.

வளைவுக்கு முன்னால் பிரேக்கை அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, அப்புறம் விட்டுவிடுங்கள். லேசாக மிதித்துக்கொண்டே வருவதுதான் பேடைக் கருக்குகிறது. வளைவுக்குள் கிளட்சைத் தொடாதீர்கள். கிளட்ச் மிதித்த கார் நியூட்ரலில் இருக்கும் கார்தான். குறுகலான இடத்தில் மேலே ஏறி வரும் வண்டிக்கு நாம் நின்று வழிவிட வேண்டும், அது சட்டம்.

இன்ஜினை அணைத்துவிட்டு இறக்குவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஓரிரு முறை மிதித்ததும் மிதிப்பதை லேசாக்கும் பிரேக் பூஸ்டரில் வாக்குவம் (வெற்றிடம்) தீர்ந்து பெடல் கல்லாகிவிடும், பவர் ஸ்டியரிங்கும் கனத்துவிடும்.

சமதளத்தில் விஷயம் கொஞ்சம் மாறும். சிக்னல் தூரத்தில் சிவப்பாகத் தெரிந்தால் கியரிலேயே காலை எடுங்கள்; வண்டி நிற்கப் போகும்போது கிளட்ச், நின்றதும் நியூட்ரல். காலி சாலையில் நியூட்ரலில் விட்டால் கூடுதல் தூரம் உருளும் என்பது உண்மை, ஆனால் திடீரென்று விலக வேண்டிவந்தால் கையில் கியர் இருக்காது. அதனால் நான் அதைக் கற்றுக்கொடுப்பதில்லை.

இறங்கும் வழியில் கருகின வாசம் வந்தால் அகலமான இடம் பார்த்து ஓரங்கட்டுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வளைந்துபோகலாம். சக்கரத்தை மலைப்பக்கம் திருப்பி, இன்ஜினை அணைத்து ரிவர்ஸ் கியரில் போட்டு, ஒரு சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு அரை மணி நேரம் ஆறவிடுங்கள். பெடல் பொதபொதவென்று இருந்தால் ஆறின பிறகும் நம்ப வேண்டாம், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.